எங்கள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்: தனியார் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மருத்துவமனையின் பணிப்பாளர் சபைக்கும், யாழ்ப்பாணத்தில் தனியார் மருத்துவமனைகளும் சிகிச்சை நிலையங்களும் நடத்தும் ஏனையோருக்கும்,

போன மாதக் கடைசியில், முன் கருமபீடத்துக்குப் பின்னால் நாங்கள் தேநீர் குடிக்கும் இடத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டினீர்கள். இனிமேல் நாள் முடிவில் காசு குறைந்தால் குறைந்த தொகையும், வங்கி கள்ளத்தாள் என்று ஒதுக்கும் தாளின் பெறுமதியும் அன்று கடமையில் இருந்தவர்களின் சம்பளத்தில் கழிக்கப்படும். இருவர் இருந்தால் இருவருக்கும் சரிபாதி. கீழே எங்கள் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டு, கையொப்பத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. சிலர் வைத்துவிட்டார்கள். நான் வைக்கவில்லை. ஏன் என்று நேரில் சொல்லப் போனபோது, "அது மேலிடத்து முடிவு" என்று அலுவலகத்தில் கதையை முடித்துவிட்டார்கள். ஆகவே மேலிடத்துக்கே எழுதுகிறேன். எல்லோரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம், மற்ற மருத்துவமனைகளில் இதே கதிரையில் இருக்கும் பிள்ளைகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது.

முதலில் அந்தக் கதிரையில் நடப்பதைச் சொல்கிறேன். உங்களில் பலர் பின் வாசலால் வந்து பின் வாசலால் போகிறவர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் விசேட வைத்திய நிபுணர்கள் கடமை நேரம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். ஆகவே எங்களுக்குப் பகல் தொடங்குவதே பின்னேரம் நாலு மணிக்கு. வங்கிகள் மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிடும். நாலிலிருந்து இரவு ஒன்பது, பத்து வரை வருகிற காசு முழுவதும் எங்கள் மேசை லாச்சியில்தான் குவிகிறது. சனி, ஞாயிறு என்றால் திங்கட்கிழமை காலை வரைக்கும். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் வங்கி மூடிய பிறகு இவ்வளவு காசு சேராது. சேருகிற கடையில் முதலாளி தானே கல்லாவில் இருப்பார்.

அதோடு, 2022 நெருக்கடிக்குப் பிறகு எல்லாக் கட்டணமும் எகிறியது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தின வருடத்தைவிட 70 வீதம் அளவுக்கு ஏறியிருந்ததை நாடே அறியும். மருந்து, சத்திரசிகிச்சைச் சாமான், ஜெனரேற்றருக்கு டீசல், எல்லாம் ஏறின. நீங்களும் ஏற்றினீர்கள், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நாங்கள் தினமும் எண்ணுகிற ஆகப்பெரிய தாள் அன்றும் 5000, இன்றும் 5000. முன்பு ஒரு மடிப்பில் வந்த காசு இப்போது கட்டாக வருகிறது. இலட்சம் ரூபாயை ஆயிரம் தாளில் கொண்டுவந்தால் நூறு தாள், ஐந்நூறு தாளில் கொண்டுவந்தால் இருநூறு. சனங்கள் ஐந்நூறிலும் கொண்டுவருகிறார்கள். அதை எண்ணுவதற்கு எங்களுக்கு நீங்கள் தந்திருப்பது ஒரு ஸ்பொஞ்சுக் கிண்ணம்.

அண்மையில் தீவுப்பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மகனுக்கு அடுத்த நாள் ஒப்பிரேசன், முன்பணம் கட்ட வேண்டும். சொப்பிங் பைக்குள் துவாய், துவாய்க்குள் உதயன் பேப்பர், பேப்பருக்குள் றப்பர் பாண்ட் போட்ட மூன்று கட்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கருமபீடத்தில் வைத்துவிட்டு, "நாலு தொண்ணூறு இருக்கு பிள்ளை, ஆறுதலா எண்ணம்மா" என்றார். ஆறுதலாக எண்ண எங்கே விடுகிறார்கள்? அவருக்குப் பின்னால் வரிசை. தொலைபேசி அடிக்கிறது. அதையும் நான்தான் எடுக்க வேண்டும். "டொக்டர் வந்திட்டாரோ?" என்று ஒருவர் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிக் கேட்கிறார். ஆய்வுகூடத் தம்பி வந்து மாற்றின காசு கேட்கிறான். ஐயாயிரம் தாள் 62, ஆயிரம் தாள் 150, ஐந்நூறு தாள் 50. நாலு இலட்சத்து எண்பத்தையாயிரம். திரும்ப எண்ணினேன். அதே தொகை.

ஐயாயிரம் குறைகிறது என்றேன். அம்மா என்னுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நான் வாங்கினதிலிருந்து அந்தக் காசு எந்தெந்தப் பக்கம் போனது என்று அவருடைய கண் தேடியது. வரிசையில் நின்றவர்கள் உதட்டுக்குள் எண்ணியவர்கள்தான், எல்லோருக்கும் தொகை தெரியும். ஒருவர் அவரிடமே, "அம்மா, எல்லாம் அடகு வைச்ச காசோ?" என்று கேட்டார். பிறகு அந்த அம்மாவுக்கே ஞாபகம் வந்தது. காலையில் மருந்துக் கருமபீடத்தில் அந்தக் கட்டிலிருந்து ஒரு தாள் உருவிக் கொடுத்திருக்கிறார். "குறை நினைக்காத பிள்ளை" என்றார். நான் நினைக்கவில்லை. காப்பை அடகு வைத்த காசுக்கு முன்னால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவருக்கு அந்த ஞாபகம் வராமல் போயிருந்தால், நான் காசை எண்ணினேன் என்பதற்கு என்ன சாட்சி? அவர் அவ்வளவு கொண்டுவந்தார் என்பதற்கு அவரிடம்தான் என்ன சாட்சி? அந்தக் கூடத்தில் ஒரு கமரா இருக்கிறது. அது வாசலைப் பார்த்தபடி இருக்கிறது.

இனி லாச்சி. ஒரு லாச்சி, ஒரு திறப்பு. பின்னேரத்தில் இரண்டு பேர் வாங்குகிறோம், இரவில் இன்னொருவர் வந்து பொறுப்பெடுக்கிறார். ஆய்வுகூடத்துக்கும் எக்ஸ்றேக்கும் மருந்துக் கருமபீடத்துக்கும் மாற்றின காசு அதிலிருந்துதான். வைத்தியர் அவசரமாகப் புறப்படும்போது அவருடைய பங்கைக் கொடுப்பதும் அதிலிருந்துதான். சில நேரம் துண்டில் எழுதிவைத்து, சில நேரம் "பிறகு எழுது தங்கச்சி" என்ற சொல்லில். இரவுக் கடமை மாறும்போது எண்ணிக் கொடுக்க நேரம் இல்லை, ஏனென்றால் வீட்டுக்குப் போகும் கடைசி மினிபஸ்ஸுக்கு ஓட வேண்டும். இப்படி எத்தனையோ கை போய்வருகிற லாச்சியில் பத்தாயிரம் குறைந்தால், அன்று பெயர்ப் பட்டியலில் இருந்த இரண்டு பிள்ளைகளின் சம்பளத்தில் ஐயாயிரம் ஐயாயிரமாக வெட்டுவது எந்தக் கணக்கியலில் நியாயம்? புதுத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு ஒன்றாகப் போவது வங்கியில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே அதற்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கையில் மாதம் கிடைப்பது எட்டு ஐயாயிரம் தாளும் கொஞ்சச் சில்லறையும். ஒரு கள்ளத்தாள் என்றால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது.

கள்ளத்தாள் பற்றி உங்கள் அறிவித்தலில் இன்னொரு வரி இருக்கிறது. சந்தேகமான தாளைக் கண்டால் "கட்டியவரிடமே திருப்பிக் கொடுத்து வேறு தாள் பெறவும்". அதை எழுதியவர் யோசித்துத்தான் எழுதினாரா? கள்ளத்தாள் என்று தெரிந்துகொண்டு ஒரு தாளை அடுத்தவர் கையில் கொடுப்பது இந்த நாட்டில் குற்றம். பொலிஸிலோ வங்கியிலோ ஒப்படைக்க வேண்டும் என்றுதான் மத்திய வங்கி சொல்கிறது. எங்களைச் சட்டத்துக்குப் புறம்பான காரியத்தைச் செய்யச் சொல்லி எழுத்தில் தந்திருக்கிறீர்கள். அதன் கீழேதான் கையொப்பம் கேட்கிறீர்கள். தாளைத் தடவிப் பார், வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பார், சரித்துப் பாதுகாப்பு இழையைப் பார் என்று சொல்வது சுலபம். இருபது பேர் வரிசையில் நிற்கும்போது அறுபத்திரண்டு ஐயாயிரம் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கி ரியூப் லைற்றில் பிடித்துப் பார்த்தால், முதலில் முறைப்பாடு வருவது உங்களிடமிருந்துதான்.

எழுதின, கிறுக்கின தாள்களும் இருக்கின்றன. வேண்டுமென்றே எழுதியும் வெட்டியும் பழுதாக்கிய தாளை ஏற்பதில்லை என்று மத்திய வங்கி அறிவித்தது. ஆனால் எங்கள் சனம் கட்டின் மேல்தாளில் பேனையால் தொகை எழுதும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. வங்கியில் திருப்பிவிட்டால் அதுவும் எங்கள் தலையிலா என்று உங்கள் அறிவித்தல் சொல்லவில்லை. சொல்லாததால் ஆம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வங்கிக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். காலை ஒன்பது மணிக்கு எங்களில் ஒருத்தி, தோளில் ஒரு கைப்பை, தெரிந்த ஓட்டோ. அதே நேரம், அதே வழி, வாரத்தில் ஐந்து நாளும். செக்கியூரிட்டி ஐயா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவார், அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு. வார இறுதிக் காசு பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டால், 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டப்படி வங்கி அதை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குரிய விபரங்களைக் கேட்பார்கள். காசை வைப்பிலிட வந்தவர் யார்? அடையாள அட்டை இலக்கம் என்ன? அங்கே உங்கள் யாருடைய இலக்கமும் எழுதப்படுவதில்லை. எங்களுடையதுதான் எழுதப்படுகிறது. காசு எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால், முதலில் கூப்பிடப்போவது அந்த இலக்கத்துக்குரிய பிள்ளையை.

இவ்வளவு காசு ஏன் காசாகவே வர வேண்டும்? நோயாளிகளின் விருப்பம் என்று நீங்கள் சொல்லக்கூடும். பாதி சரி. வயது போனவர்களுக்கு மெசினில் நம்பிக்கை இல்லை. நகை அடகு வைத்தவர்கள் கையில் காசோடுதான் வருவார்கள். ஆனால் மற்றப் பாதி எங்கள் கருமபீடத்தில் நீங்கள் செய்தது. வங்கி அட்டையால் கட்டும் காட் மெசினுக்குப் பக்கத்தில் "காட் மூலம் செலுத்தினால் 3% மேலதிகம்" என்று ஒட்டியிருக்கிறீர்கள். அப்படிக் கூட்டி வாங்கக்கூடாது, காட் கட்டணத்தை வாடிக்கையாளர் மேல் சுமத்தக்கூடாது என்று மத்திய வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. ஐந்து இலட்சத்துக்கு மூன்று வீதம் பதினையாயிரம். எந்த நோயாளி காட்டை நீட்டுவார்? கனடாவிலிருந்து மகன் போட்ட காசை அம்மா வங்கியில் வரிசையில் நின்று எடுக்கிறார், வெயிலில் நடந்து எங்களிடம் கொண்டுவருகிறார், நாங்கள் அதை எண்ணி அடுத்த நாள் அதே வங்கியில் கட்டுகிறோம். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனுக்குடன் காசு மாற்றும் செவ்ற்ஸ் முறை 2015 இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது, இலட்சக்கணக்கில் ஒரே தடவையில் அனுப்பலாம். கைபேசியால் காசு கட்டும் லங்கா கியூஆர் குறியீட்டை இளநீர்க் கடையிலும் பார்க்கிறோம். எங்கள் கருமபீடத்தில் இல்லை. கணக்கு இலக்கத்தைக் கூட, கேட்டால் மட்டும் சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு.

காசை ஏன் விரும்புகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பற்றுச்சீட்டில் வராமல் கடித உறையில் போகிற தொகைகளையும் நாங்கள்தான் எண்ணுகிறோம். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதவில்லை. ஆனால் கணக்கில் ஏறாத காசையும் கணக்கில் ஏறுகிற காசையும் ஒரே லாச்சியில் போட்டுவிட்டு, கணக்குப் பிழைக்கிறது என்று எங்கள் சம்பளத்தைப் பிடிக்க வருவது கொஞ்சம் அதிகம்.

நோயாளியின் பக்கத்தையும் பாருங்கள். முன்பணம் கட்டும்போது நாங்கள் கொடுப்பது கையெழுத்தில் எழுதிய மஞ்சள் துண்டு. சிகிச்சை முடிந்து துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும் நாளில்தான் கணினிப் பற்றுச்சீட்டு. இடையில் மஞ்சள் துண்டைத் தொலைத்தவர்கள் எங்கள் முன்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அதோடு, கட்டியதில் மிச்சம் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தால் "கணக்காளர் திங்கட்கிழமைதான் வருவார்". வாங்கும்போது இரவு பத்து மணிக்கும் வாங்குகிறோம். நெடுந்தீவிலிருந்து வந்தவர் மிச்சக்காசு வாங்கத் திரும்பவும் படகு ஏறிக் குறிகட்டுவானுக்கு வர வேண்டும். 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் பெட்டிக்கடைக்காரர் கூடப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இலட்சக்கணக்கில் கட்டுகிறவருக்கு மஞ்சள் துண்டு போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

சம்பளத்திலிருந்து எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக்கூடாது என்பதற்கு நாட்டில் தொழிற் சட்டங்கள் இருக்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு 8 வீதம் கழிகிறது, நீங்கள் 12 வீதம் போடுகிறீர்கள், அதில் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. வியாபாரத்தில் வருகிற நட்டத்தை வேலைக்காரரின் சம்பளத்தில் ஈடுசெய்வது வேறு விஷயம். வேலை போய்விடும் என்ற பயத்தில் வைத்த கையொப்பத்தைச் சம்மதம் என்று எந்தத் தொழில் ஆணையாளருக்கும் காட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை. திருட்டு நடந்தால் விசாரியுங்கள், பொலிஸுக்குப் போங்கள், நாங்கள் மறிக்கவில்லை. எடுத்தவர் யார் என்று தெரியாமல் இருந்தவர்களிடம் பிடிப்பதைத்தான் மறுக்கிறோம்.

இனி நாங்கள் கேட்பது. அந்த அறிவித்தலை எழுத்தில் மீளப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கிய கையொப்பங்களை அந்தந்தப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். இந்த மாதம் யாருடைய சம்பளத்திலும் இந்தப் பெயரில் கழித்திருந்தால் அதையும் திருப்பிப் போடுங்கள்.

காசு எண்ணும் இயந்திரம் ஒன்று வாங்குங்கள், கள்ளத்தாளைக் கண்டுபிடிக்கும் புற ஊதாக்கதிர் வசதியோடு. நீங்கள் போன வருடம் வரவேற்புக் கூடத்தில் பூட்டிய பெரிய தொலைக்காட்சியை விட அதற்குச் செலவு குறைவு. ஒரு இலட்சத்துக்கு மேல் கட்டுகிறவரை வரிசையில் நிற்க வைக்காமல், பக்கத்திலுள்ள சிறிய அறையில் கதிரை கொடுத்து இருத்தி, அவருடைய கண்ணுக்கு முன்னால் இரண்டு பேர் எண்ணட்டும். அந்த மேசைக்கு மேலே கமரா வேண்டும். எண்ணி முடியும் வரை காசு மேசையைவிட்டு எழக்கூடாது. வங்கியில் வைப்புத்துண்டு நிரப்புகிற மாதிரி ஐயாயிரம் எத்தனை, ஆயிரம் எத்தனை, ஐந்நூறு எத்தனை என்று எழுதி, கட்டுகிறவரும் வாங்குகிறவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதி அவர் கையில் போகட்டும். கணினிப் பற்றுச்சீட்டு அந்த இடத்திலேயே. மஞ்சள் துண்டு வேண்டாம்.

ஆளுக்கு ஒரு லாச்சி, ஆளுக்கு ஒரு திறப்பு. மாற்றின காசுக்கு வேறாக ஒரு சிறுதொகை. கடமை மாறும்போது எண்ணிக் கொடுக்கும் கால்மணி நேரத்தையும் கடமை நேரமாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு இலட்சம் சேரும்போதும் உள்ளே போட்டால் எங்களாலும் எடுக்க முடியாத மாதிரி ஒரு இரும்புப் பெட்டி வையுங்கள், அதன் திறப்பு நிர்வாகத்திடம் இருக்கட்டும். வங்கிக்குக் காசு கொண்டுபோக அதற்கென்று உள்ள பாதுகாப்பு நிறுவனங்களை அமர்த்துங்கள். முடியாவிட்டால் பணிப்பாளர் ஒருவர் தன் வாகனத்தில், தன் அடையாள அட்டையோடு போகட்டும். காசு காணாமல் போவதற்கும் கொள்ளை போவதற்கும் காப்புறுதி விற்கிறார்கள். கட்டடத்துக்கும் ஸ்கானருக்கும் எடுத்த உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

காட் மெசினுக்குப் பக்கத்திலுள்ள மூன்று வீதத் தாளை நாளைக்கே கிழியுங்கள். கணக்கு இலக்கத்தையும் கியூஆர் குறியீட்டையும் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து கட்டுகிறவர்கள் நேரடியாக மருத்துவமனைக் கணக்குக்கே அனுப்பலாம் என்று, நோயாளியை அனுமதிக்கும்போதே சொல்ல எங்களை விடுங்கள். மிச்சக்காசை, துண்டு வெட்டும் அன்றே, எந்தக் கிழமையாக இருந்தாலும் கொடுங்கள்.

அடுத்த சம்பளப் பட்டியல் தயாராவதற்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அறிவித்தலின் பிரதியோடு யாழ்ப்பாணத் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கும், மேலதிக வீதம் பற்றி அந்தக் காட் மெசினைத் தந்த வங்கிக்கும் முறைப்பாடு கொடுப்போம். முறைப்பாடு எழுதியாகிவிட்டது. கையொப்பம் வைக்காதவர்கள் எல்லோரும் அதில் வைத்திருக்கிறார்கள், அறிவித்தலில் வைத்தவர்களில் சிலரும்.

இப்படிக்கு,
முன் கருமபீடத்தில் காசு வாங்கும் ஒருத்தி
யாழ்ப்பாணம்